பின்பக்கத்தில் ஒரு பெயர்

5.8.2025, செவ்வாய்

அரசின் ‘உங்களுடன் ஸ்டாலின்’ மனு முகாம்கள் நடப்பதால் எங்கள் போட்டோக் கடையில் ஜெராக்ஸுக்குத்தான் கூட்டம். மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது முகாம் அக்கா வந்தார். மல்லாங்கிணறில் முகாம் என்றால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 2021இல் அரசு அந்தப் பெயரைக் கொடுத்தது. பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இன்னும் அகதி முகாம் என்றுதான் வழி கேட்கிறார்கள். அக்கா 1990இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் வழியாக இங்கே வந்தவர்.

முதலில் போனை நீட்டினார். யாழ்ப்பாணத்துச் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியில் தோண்டியெடுத்த பொருட்களை நீதிமன்ற உத்தரவின்படி இன்று மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். உடுப்பு, செருப்பு, வளையல், பள்ளிக்கூடப் பை, பொம்மை. எலும்புக்கூடுகள் நூறைத் தாண்டிவிட்டன. தெரிந்தவர்கள் வந்து அடையாளம் சொல்ல வேண்டுமாம்.

பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். 1996இல் சைக்கிளில் போய்த் திரும்பாத தம்பியின் படம். பாஸ்போர்ட் சைஸை விடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு வெள்ளை. “இதைப் பெரிசாக்கித் தாங்கோ தம்பி. முப்பதாம் தேதி அங்க மச்சாள் கையில பிடிச்சுக்கொண்டு நிப்பா. எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்ல ஏலாது. படத்தைப் பார்த்தாவது ஆரும் சொல்லலாம்.”

பின்பக்கம் திருப்பினேன். ஊதா மையில் ஸ்டூடியோ முத்திரை, கஸ்தூரியார் வீதி. கீழே பென்சிலில் ஒரு நெகட்டிவ் எண், 15.1.94 என்று தேதி, அந்தப் பையனின் பெயர்.

6.8.2025, புதன்

காலையில் ஸ்கேன் செய்தேன். நல்ல வேலை. இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு, வலப்பக்கம் வெள்ளை அட்டை வைத்து நிழலைத் தணித்திருக்கிறார். கன்னத்தில் பென்சில் ரீடச் தெரிகிறது, ஆனால் மூக்கின் ஓரத்திலிருக்கும் மருவை விட்டுவைத்திருக்கிறார். அந்த ஸ்டூடியோக்காரரைப் போர்ப் புகைப்படக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பையனை உட்கார வைத்து எடுத்து அனுப்பியவர். ஆனால் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஸ்டூடியோ படங்கள்தான். அடையாள அட்டைக்கும் பரீட்சை அனுமதிச் சீட்டுக்கும் எடுத்தவை.

மகன் எட்டிப் பார்த்தான். “ஏ.ஐ.யில போட்டா மூஞ்சி பளிச்சுனு வரும்ப்பா, கலரே பண்ணிரலாம்” என்றான். போட்டுக் காட்டினான். பளிச்சென்றுதான் வந்தது. மருவைக் காணோம். மெஷின் அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிட்டது. கண்ணும் வேறு யாரோ ஒருவர் கண். கல்யாண ஆல்பத்துக்கு இது ஆகும், ஒருவனைத் தேடுகிறவர்களுக்கு ஆகாது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன்.

8.8.2025, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றும் இடத்தில் எடுத்த படங்களுக்கு மாலைக்குள் பிரிண்ட் கேட்டார்கள்.

விருதுநகரில் ஒரு கல்லூரியிலிருந்து போன். 19ஆம் தேதி உலகப் புகைப்பட தினம், மாணவர்களிடம் பேச வேண்டுமாம். தலைப்பு: போர்க்களப் புகைப்படமும் அறமும். “நான் போர் எதையும் பார்த்ததில்லை சார், கல்யாணமும் வெடி விபத்தும்தான் பார்த்திருக்கேன்” என்றேன். “அதுபோதும் அண்ணாச்சி” என்றார். எது போதும் என்று கேட்கவில்லை.

11.8.2025, திங்கள்

நேற்று இரவு காசாவில், அல் ஷிஃபா மருத்துவமனைக்கு வெளியே பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த கூடாரத்தைத் தாக்கியிருக்கிறது இஸ்ரேல். அல் ஜசீராவின் அனஸ் அல் ஷரீஃபும் உடனிருந்த நிருபரும் கேமராமேன்களும் இறந்தார்கள். அனஸ் ஹமாஸ் ஆள் என்கிறது இஸ்ரேல் ராணுவம். இல்லை என்கிறது அல் ஜசீரா.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைச் சுதந்திரமாக உள்ளே போக விடாத இடம் அது. ஆக, படம் எடுப்பவனும் அந்த ஊர்க்காரன், படத்தில் இருப்பவனும் அந்த ஊர்க்காரன். ராபர்ட் காபா காலத்துப் போர்ப் புகைப்படக்காரர்கள் வேறு நாட்டிலிருந்து வருவார்கள், வேலை முடிந்தால் திரும்பிப் போவார்கள். திரும்பாமலும் போயிருக்கிறார்கள். காபாவே 1954இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் செத்தார். நம் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் செத்தார். ஆனாலும் அவர்களுக்குத் திரும்புவதற்கு ஓர் ஊர் இருந்தது. காசாக்காரனுக்குக் கேமராவை மூடிவைத்தாலும் அதே தெருதான்.

இந்த ஆண்டு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதில் முதலிடம் பெற்ற படத்தை மகன் போனில் காட்டினான். சமர் அபு எலூஃப் எடுத்தது. காசாவில் இரண்டு கைகளையும் இழந்த ஒன்பது வயது மஹ்மூத் அஜ்ஜூர். கத்தாரில், சிகிச்சைக்குப் போன இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். புகை இல்லை, ரத்தம் இல்லை. எங்கள் கடையில் எடுக்கும் படத்தின் அதே ஒழுங்கு. கீழே பையனின் பெயர் முழுசாக இருக்கிறது.

13.8.2025, புதன்

பேச்சுக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்று யோசனை. வியட்நாம் படங்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நான் நம் படம் ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

1983 ஜூலை, கொழும்பு, பொரளை பஸ் நிலையம். உடுப்பைக் களைந்து உட்கார வைக்கப்பட்ட ஒரு தமிழர். சுற்றிலும் சிரித்துக் குதிக்கும் இளைஞர்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க. சிங்களவர், ‘அத்த’ என்ற கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காரர். கறுப்பு ஜூலை என்றால் உலகம் முழுக்க அந்தப் படம்தான் வருகிறது.

முகாமில் எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும். இன்று மாலை அக்காவிடம் காட்டி, இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்த மனுசனுக்கு வீட்டில ஆர் இருந்தினமோ. அவையள் ஒவ்வொரு வருசமும் ஜூலை மாசத்தில இதைப் பார்க்க வேணும் என்ன?” என்றார். பிறகு, “காட்டுங்கோ. இல்லையெண்டால் நடக்கேல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள்” என்றார்.

இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டும் சரிதான். அந்தப் படம் இல்லாவிட்டால் அந்த இரவுக்குச் சாட்சி குறையும். இருப்பதால் ஒரு மனிதர் நாற்பத்திரண்டு வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், படத்தின் கீழே பெயர் இல்லாமல்.

பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் படங்களும் நினைவுக்கு வந்தன. 2013 பிப்ரவரியில் வெளியானவை. பன்னிரண்டு வயதுப் பையன், மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுத்தவை என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதம் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் எல்லாம் அந்தப் பையன்.

அதை எடுத்தவர் பத்திரிகையாளர் அல்லர். பையனைப் பிடித்து வைத்திருந்த பக்கத்து ஆள் என்பதுதான் படத்தைப் பார்த்தால் தெரிவது. சாட்சி சொல்ல எடுக்கவில்லை, வென்றதைக் காட்ட எடுத்தது. கேமராவுக்குள் நேரமும் எண்ணும் பதிந்திருந்ததால் அதுவே எடுத்தவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அமரசிங்கவின் படமோ நல்ல எண்ணத்தில் எடுத்தது, ஆனாலும் அந்த மனிதரின் மானத்தை அதனால் காப்பாற்ற முடியவில்லை. எடுத்தவனின் மனசை மட்டும் வைத்துப் படத்தை எடைபோட முடியாது என்று தோன்றுகிறது.

15.8.2025, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி, சுதந்திர தினம் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. வீட்டில் கூப்பிட்டதால் இருக்கன்குடிக்குப் போனோம். சாத்தூரிலிருந்து பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அக்கினிச்சட்டி, பால்குடம், மொட்டையடித்த பிள்ளைகள்.

பக்கத்தில் நின்றவர் முதலிப்பட்டிப் பக்கத்து ஆள். நான் பத்திரிகைக்கும் படம் கொடுப்பவன் என்று தெரிந்ததும் முகம் மாறியது. 2012 செப்டம்பர் 5ஐ எடுத்தார். அன்று மதியம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முதலில் தீ, பிறகு பெரிய வெடிப்பு. சுமார் 40 பேர் செத்தார்கள். டிவியில் அன்று மாலை ஓர் எண், மறுநாள் ஓர் எண். செத்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் கிட்டே வந்த நேரத்தில் மருந்து இருந்த அறைகள் வெடித்தன.

“வேடிக்கை பாக்கப் போயிச் செத்தாங்கன்னு எழுதுனாங்கல்ல? எம் மச்சான் குடத்துல தண்ணி தூக்கிட்டுப் போனான். உள்ள நம்ம ஊருப் பொம்பளைங்க இருந்தாங்க. வேடிக்கையா பாக்கப் போனான்?”

பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்று வந்த படங்களில் எனக்கு ஞாபகம் இருப்பது தூரத்தில் புகை, முன்னால் கூட்டம். அதில் யார் தண்ணீர்க் குடத்தோடு போனவர், யார் போனைத் தூக்கிப் பிடித்தவர் என்று படம் சொல்லாது. கீழே எழுதும் ஒரு வரிதான் சொல்லும். அந்த வரியை எழுத, களத்தில் நின்றவன் நான்கு பேரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் அனுப்பினால் மேசையில் இருப்பவர் தனக்குத் தெரிந்த வார்த்தையைப் போடுவார். தண்ணீர் கொண்டுபோனவர் பதின்மூன்று வருடமாக வேடிக்கை பார்த்தவராகவே இருக்கிறார். திரும்பும்போது சாத்தூர் வரும்வரை இதே நினைப்பு.

17.8.2025, ஞாயிறு

ஆவணி பிறந்தது. ஒரு விசேஷம். மகன் ட்ரோனோடு காரியாபட்டிக்குப் போய்விட்டான். நான் நெகட்டிவ் பீரோவைத் திறந்தேன். ஊட்டிப் பிலிம், ஓர்வோ, பிறகு வந்த கலர் சுருள்கள், எல்லாம் பட்டர் பேப்பர் கவரில். சிலவற்றில் பூஞ்சை.

பத்தரைக்கு ஒரு பெரியம்மா பேரனோடு வந்தார். சில வருடங்களுக்கு முன் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் மகனை இழந்தவர். வழக்கு நடப்பதால் ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. மகன் அங்கே பேன்சி ரகத்துக்கு மணி மருந்து செய்கிற பக்கம் வேலை பார்த்தான். ஆலை உள்குத்தகையில் கைமாறியிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. பெயர் இல்லாதவனுக்கு இழப்பீடு யார் கொடுப்பது என்ற கேள்வியில் வழக்கு நிற்கிறது.

“ஆயுத பூசைக்கு நீ வந்து படம் எடுத்தியாமே அய்யா. அதுல இவன் நிக்கானாம்.”

தேடினேன், கிடைத்தது. ஆலை வாசலில் வாழைக்கன்று கட்டி, மூன்று வரிசை. நடுவில் போர்மேன். பிரிண்டின் பின்னால் என் கையெழுத்தில் ஆலை, தேதி, வரிசைப்படி பெயர்கள். பெயர் எழுதும் பழக்கத்துக்குப் பெரிய தத்துவம் ஏதும் கிடையாது. எத்தனை காப்பி, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டுமே, அதற்காக எழுதியது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவது, அவன்.

பெரியம்மா படத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தைத்தான் பேரனை விட்டு வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மகனை அடையாளம் காட்ட அவரைக் கூப்பிட்டபோது முகம் இல்லையாம், டி.என்.ஏ. எடுத்துத்தான் கொடுத்தார்களாம். அன்றைக்குப் பிணவறை வாசலில் அவர் விழுந்து அழுத படம் இன்னும் போனில் சுற்றுகிறது. அதன் கீழே உறவினர்கள் கதறல் என்று இருக்கிறது. எந்த உறவினர், யாருக்காக என்று இல்லை.

19.8.2025, செவ்வாய்

பேசி முடித்து வந்தாயிற்று. மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

எதிர்பார்த்த கேள்வி முதலிலேயே வந்தது. “உங்க கண் முன்னாடி ஒருத்தர் உயிருக்குப் போராடுறார். படம் எடுப்பீங்களா, காப்பாத்துவீங்களா சார்?”

காப்பாற்ற வேறு ஆள் இல்லையென்றால் கேமராவைக் கீழே வை. இதற்கு வகுப்பு வேண்டியதில்லை, அம்மா சொல்லிக் கொடுத்ததே போதும் என்றேன். சிரித்தார்கள். பிறகு கெவின் கார்ட்டரின் படத்தைத் திரையில் போட்டேன். சூடான், 1993 மார்ச். பஞ்சத்தில் குப்புற விழுந்து கிடக்கும் குழந்தை, பின்னால் கழுகு. நியூயார்க் டைம்ஸில் வந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு, அதே வருடம் ஜூலையில் கார்ட்டர் தற்கொலை. காப்பாற்றவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியில் செத்தார் என்று ஒரு நீதிக்கதை மாதிரி இதை உலகமே சொல்லி வருகிறது.

“அந்தக் குழந்தையோட கையைப் பாருங்க” என்றேன். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தெரிகிறது. நிவாரண முகாமில் பதிவு செய்தவர்களுக்குக் கட்டுவது. அப்படியென்றால் எங்கோ ஒரு பதிவேட்டில் அந்தக் குழந்தைக்கு ஒரு வரி இருந்தது. உலகம் முழுக்கக் கார்ட்டரைத் திட்டியதே தவிர, அந்த வரியைத் தேடிப் போக யாருக்கும் அவசரமில்லை. 2011இல் ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகை ஒன்று அந்த ஊருக்குப் போனது. பெண் குழந்தை என்று எல்லோரும் சொன்னது பையன், பெயர் கோங் நியோங். பஞ்சத்தில் சாகவில்லை, பிழைத்து வளர்ந்தான், அங்கே போவதற்குச் சில வருடம் முன்னால் காய்ச்சலில் இறந்திருந்தான் என்று அவன் அப்பா சொன்னார். பதினெட்டு வருடமாக நாம் சாகடித்து வைத்திருந்த குழந்தை அது.

கார்ட்டர் கேமராவைக் கீழே வைத்தாரா என்பது ஒரு நிமிடத்துக் கேள்வி. அடுத்த பதினெட்டு வருடம் அந்தப் படத்தை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்கு எடுத்தவன் மட்டுமல்ல, அச்சிட்டவன், பரிசு கொடுத்தவன், பாடம் நடத்துகிற நான், எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்தார்கள்.

பிறகு போபால். 1984 டிசம்பர், விஷவாயுவில் இறந்து, புதைக்கும்போது கண் திறந்திருக்கும் குழந்தை. ரகு ராயும் பாப்லோ பர்த்தலோமியூவும் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். அந்தக் குழந்தை யாருடையது என்று இன்றுவரை தெரியாது.  பெயர் கிடைக்காத படங்களும் உண்டு. அப்படியானால் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும். சும்மா விட்டுவிடுவது வேறு.

கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். சிவகாசிப் பக்கம். “எங்கம்மா சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க சார். விடியுமுன்ன வேன் வந்து தூக்கிட்டுப் போகுமாம். அப்ப நிறைய பேர் வந்து படம் பிடிச்சாங்களாம். அந்தப் படம் எதுவும் எங்க வீட்டுல இல்ல.”

சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990இல் வந்தது. அது போன்ற படங்கள் கிளப்பிய சத்தம் வீண் போகவில்லை. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்புச் சொன்னது, பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குப் போனார்கள். படம் எடுத்ததால் நன்மை நடந்தது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடங்களில் எங்கள் பகுதியும் ஒன்று. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயது. அவர்களுடைய சின்ன வயசு முகம் எந்தெந்த ஊர் ஆவணக் காப்பகத்திலோ இருக்கிறது, அவர்கள் வீட்டுச் சுவரில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல பதில் எதுவும் இல்லை. கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

20.8.2025, புதன்

யூடியூப் சேனல் நடத்தும் தம்பி காலையிலேயே வந்துவிட்டான். நேற்றுப் பேச்சைக் கேட்டவன். ஜூலை 1 சின்னக்காமன்பட்டி வெடிவிபத்தில் எடுத்த வீடியோக்கள் அவனிடம் இருக்கின்றன. “அழுறவங்க வீடியோதான் அண்ணாச்சி போகுது. பெயர் போட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான்” என்றான். பார்க்கிறவனுக்காக எடுக்கிறாயா, அழுகிறவர்களுக்காக எடுக்கிறாயா என்று கேட்டேன். “ரெண்டுக்கும்தான், டீசலுக்குக் காசு வேணும்ல” என்றான். பொய் சொல்லவில்லை.

அழுத குடும்பங்களுக்குப் போன் போட்டுக் கேள், வேண்டாம் என்பவர்களுடையதை எடுத்துவிடு, சரி என்பவர்களுடையதில் பெயரும் ஊரும் போடு என்றேன். யோசிக்கிறேன் என்று போனான்.

23.8.2025, சனி

பெரியம்மாவின் வக்கீலைப் பார்க்க விருதுநகர் போனேன். குரூப் போட்டோவையும் நெகட்டிவையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தார்.

“நல்ல விஷயந்தான் அண்ணாச்சி. ஆனா இது என்ன நிரூபிக்குது? ஆயுத பூஜை அன்னைக்கு அந்த வாசல்ல நின்னான். விபத்து நடந்த அன்னைக்கு உள்ள வேலை பார்த்தான்னு இது சொல்லாது. பூஜைக்குப் பொரி வாங்க வந்த பையன்னு எதிர்த்தரப்புச் சொல்லும்.”

சரிதான். படத்தால் அவ்வளவுதான் சொல்ல முடியும். கூட நிற்பவர்களின் பெயர்கள் இருப்பதுதான் உதவும் என்றார் பிறகு. அவர்களில் யாராவது வந்து, இவன் எங்களோடு வேலை பார்த்தான், கூலி இன்னார் கையால் வாங்கினோம் என்று சொன்னால் வழக்கு நகரும். படம் நேரடிச் சாட்சி இல்லை, சாட்சிகளைத் தேடித் தரும் முகவரிச் சீட்டு. முதல் வரிசையில் மூன்று பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒருவர் இப்போது திருப்பூரில். இன்னொருவர் வேறொரு ஆலையில் வேலை பார்க்கிறார், அவர் வாயைத் திறப்பது கஷ்டம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கிறது, சீசன் நேரம்.

பத்திரிகையில் சாட்சி என்ற சொல்லை எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம். நீதிமன்றத்தில் அதற்கு ஒரு சம்பளமும் பயமும் இருக்கிறது.

26.8.2025, செவ்வாய்

நேற்று காசாவில் கான் யூனிஸ் ஊரின் நாசர் மருத்துவமனை. முதல் குண்டில் ராய்ட்டர்ஸ் கேமராமேன் ஹுசாம் அல் மஸ்ரி செத்தார். தூக்கிவர ஓடியவர்களும் படம் எடுக்க ஓடியவர்களும் படிக்கட்டில் நின்றபோது இரண்டாவது குண்டு. குறைந்தது இருபது பேர், அவர்களில் ஐந்து பேர் பத்திரிகையாளர்கள். ஒருவர் மரியம் தக்கா, வயது 33, அசோசியேட்டட் பிரஸ்ஸுக்குப் படம் கொடுத்தவர், ஒரு மகன் உண்டு. அதே மருத்துவமனையில் பசியால் மெலிந்த குழந்தைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்.

முதலிப்பட்டி ஞாபகம் வந்தது. அங்கே இரண்டாவது வெடிப்பு விபத்து, இங்கே சுட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் ஓடி வந்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள். அந்தப் படிக்கட்டில் யார் கையில் ஸ்ட்ரெச்சர், யார் கையில் கேமரா என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மரியமும் அந்த ஊர்க்காரிதான். கேமராவோடு ஓடியதும் ஒரு வகையில் தண்ணீர்க் குடத்தோடு ஓடியதுதான்.

மகன் கேட்டான், “அங்க இருந்தா நீங்க ஓடுவீங்களாப்பா?” தெரியாது என்றேன். எனக்கு மூட்டுவலி என்றும் சொன்னேன்.

30.8.2025, சனி

காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மச்சாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூட்டத்தில் நம் பிரிண்ட் தெரிகிறது. வெயிலில் லேமினேஷன் மினுங்குகிறது. மரு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், தெரிகிறது. அக்கா போனை வாங்கி, தம்பியைப் பார்க்காமல் சுற்றி நின்ற பெண்கள் பிடித்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது எங்கட ஊர்ப் பெடியன்” என்று ஒன்றைக் காட்டினார்.

மதியம் வக்கீல் போன். திருப்பூர் ஆள் வரச் சம்மதித்திருக்கிறார். அடுத்த வாய்தா அக்டோபரில்.

31.8.2025, ஞாயிறு

மகன் நெகட்டிவ் பீரோவைக் காலி செய்யச் சொல்கிறான். அந்த இடத்தில் ஆல்பம் பிரிண்டர் வைக்க வேண்டுமாம். நியாயம்தான், கடன் அவன் பெயரில் இருக்கிறது. பேசி முடித்தோம். பெயர் எழுதியவை மாடிக்குப் போகும், ஸ்கேன் செய்த பிறகும் தூக்கிப் போடக் கூடாது. பெயர் எழுதாதவையும் நிறைய இருக்கின்றன, நான் தொழிலுக்கு வரும் முன் அப்பா எடுத்தவை. அவற்றை என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. அவற்றைச் சின்னச் சின்னப் பிரிண்டாகப் போட்டு, கடை முன்னால் பலகையில் குத்தி வைப்பது. இறந்தவர்களைக் கிடத்தி எடுத்த படங்கள் மட்டும் பலகைக்கு வராது, உள்ளே இருக்கும், கேட்பவர்களுக்குத்தான். யாருக்குத் தெரிகிறதோ அவர் கீழே பெயரையும் ஊரையும் எழுதலாம். தன் படமோ தன் வீட்டார் படமோ தெருவில் தொங்க வேண்டாம் என்பவர் எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். யூடியூப் தம்பி பென்சிலும் நூலும் வாங்கி வந்து கட்டிக் கொடுத்தான். மூன்று குடும்பத்துக்குப் போன் போட்டானாம். ஒருவர் எடுக்கச் சொன்னார், ஒருவர் பெயர் போடச் சொன்னார், ஒருவர் திட்டினார்.

தப்பான பெயர் எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றான். இன்னொருவர் வந்து அடித்துத் திருத்துவார் என்றேன். மல்லாங்கிணறில் அடுத்தவரைத் திருத்துகிறவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.